முகம் காட்டாத பெண்

பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகாவின் 'தொட்டி' ஓவியத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'சாவித் துவாரம் வழியாக எட்டிப் பார்த்து வரைந்தது' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். என்னால் இதை ஏற்கவே முடியவில்லை.

1886இல் பாரிஸில் நடந்த, இம்ப்ரெஷனிஸ்ட் என்ற ஓவியர் குழுவின் எட்டாவது கண்காட்சியில் (அதுதான் கடைசியும்) குளிக்கிற, துவட்டுகிற, தலைவாருகிற பெண்களை வரிசையாக பாஸ்டல் என்ற வண்ணக் குச்சியால் வரைந்து வைத்தார் தெகா. அதில் ஒன்று இது. இப்போது பாரிஸிலேயே ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆழமில்லாத வட்டத் தொட்டிக்குள் ஒரு பெண் குந்தியிருக்கிறாள். ஒரு கையை ஊன்றி, மறு கையால் பிடரியை ஸ்பாஞ்சால் தேய்க்கிறாள். முகம் சரியாகத் தெரியாது. பாரம் முழுவதும் ஊன்றிய கையில் இறங்குவதைத் தோளைப் பார்த்தாலே உணரலாம்.

வலது ஓரத்தில் ஒரு பலகை. அதன்மேல் குவளைகள், தலைவாரும் பிரஷ். பிரஷின் கைப்பிடி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, தட்டினால் விழுந்துவிடும். எட்டிப் பார்க்க வந்தவன் கண் இந்தக் கைப்பிடியில் போய் நிற்குமா? உடம்புக்குக் கொடுத்த அதே கவனத்தைக் குவளைக்கும் கொடுத்திருக்கிறார். அன்றைய பாரிஸில் நிர்வாணம் என்றால் வீனஸ், வனதேவதை என்று ஒரு பெயர் வேண்டும். இவளுக்கு அப்படி எதுவும் இல்லை. கழுத்து அழுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் அவள் கவலை.

எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்காகும். பாஸ்டலில் காத்திருக்க வேண்டாம். வண்ணப் பொடியைக் கொஞ்சம் பசையோடு உருட்டிய குச்சிதான் அது. கோட்டின்மேல் கோடு இழுக்கலாம், விரலால் தேய்க்கலாம். முதுகை வரைவது முதுகைத் தொடுவது மாதிரியே ஆகிவிடுகிறது. ஆனால் பொடி காகிதத்தின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதிர்ந்தால் உதிரும். அதனால்தான் கண்ணாடிக்குள், மங்கிய வெளிச்சத்தில் வைக்கிறார்கள்.

அப்புறம் மேரி கசாட். 1875இல் பாரிஸ் கடை ஜன்னலில் தெகாவின் பாஸ்டல்களைப் பார்த்து மெய்மறந்து நின்ற அமெரிக்கப் பெண் ஓவியர். தெகா இரண்டடி தள்ளி நின்று பார்த்தார் என்றால், கசாட் மடி வரைக்கும் நெருங்கி வந்துவிட்டார். தாயும் குழந்தையுமாக அவர் வரைந்த பாஸ்டல்களில், தாயின் கன்னத்தில் குழந்தையின் கன்னம் அழுந்தும் இடத்தைப் பாருங்கள். இரண்டு தோல் நிறங்களும் ஒன்றோடொன்று கலந்து, எது யாருடையது என்றே தெரியாது.

நேற்று இரவு 'தொட்டி'யைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடரியில் ஸ்பாஞ்ச் படும் இடத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். அவள் இன்னும் குளித்து முடிக்கவில்லை.