அஞ்சு நிமிஷ வேலை என்று சொன்னவர்கள் பதில் சொல்லட்டும்

"ராஸ்பெர்ரி பை செட்டப் பண்றது அஞ்சு நிமிஷ வேலை." ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. இந்த வாக்கியத்தை எழுதியவர்கள், வீடியோவில் சொன்னவர்கள், போர்டை விற்கும்போது சிரித்துக்கொண்டே சொன்ன கடைக்காரர், எல்லோர் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பத்து நாள் லீவுக்கு ஆசையாக வந்த ஒன்பதாம் வகுப்புப் பையனின் ஆறு சாயங்காலங்களை அந்த வாக்கியம் தின்றுவிட்டது.

பையன் என் அக்கா மகன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி. அதில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அம்மா தினமும் முழங்கால் வலியோடு மாடி ஏறுகிறார். "பாட்டி இனிமே ஏற வேண்டாம் சித்தி, நாம ஒண்ணு செஞ்சிடலாம்" என்று அவனேதான் ஆரம்பித்தான். இதற்கு இன்னும் எளிய ஆர்டுயினோ போர்டே போதுமே என்று யாரும் எழுத வராதீர்கள். போதும்தான், தெரியும். அவனுக்குப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொள்ள ஆசை, அதனால் ராஸ்பெர்ரி பை 4 வாங்கினோம். நான் டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. அப்படியும் இந்தப் பாடு.

முதல் நாள். மானிட்டர் இல்லாமல் செட்டப் செய்யலாம் என்று படித்தபடி மெமரி கார்டில் ஓஎஸ், அதாவது போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளை, எழுதினோம். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒரு ஃபைலில் எழுதி கார்டுக்குள் போட வேண்டுமாம். அதற்காகக் கார்டைத் திரும்ப லேப்டாப்பில் செருகினால், "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் ஒரு பெட்டியை நீட்டுகிறது. கார்டில் இரண்டு பகுதிகள் இருக்கும். அதில் போர்டின் ஓஎஸ்ஸான லினக்ஸ் இருக்கும் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் கேட்கிறது, கேன்சல் செய்துவிட வேண்டும். இதைத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் நாங்கள் வைத்திருந்த செய்முறையில் இதைப்பற்றி ஒரு வரி கிடையாது. கம்ப்யூட்டர் கேட்கிறதே என்று பையன் ஓகே கொடுத்துவிட்டான். எழுதியதெல்லாம் போச்சு.

"நான்தான் கெடுத்துட்டேனா சித்தி?" என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் ஆத்திரம் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. சொல்லித்தர வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டதற்குப் பழியைப் பிள்ளை தன் மேல் போட்டுக்கொள்கிறது. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் இந்த போர்டு வெளிவந்ததே பிள்ளைகளுக்காகத்தான். கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் படிக்க வரும் பிள்ளைகள் குறைகிறார்கள், வருகிறவர்களுக்கும் முன்புபோலக் கைப்பழக்கம் இல்லை என்று இதை உருவாக்கிய ஈபன் அப்டன் போன்றவர்கள் கவலைப்பட்டுத் தொடங்கிய வேலை அது. அப்பேர்ப்பட்ட பொருளை வாங்கிய பிள்ளை முதல் நாளே, 'எனக்கு இதெல்லாம் வராது' என்று நினைத்தால் அது யார் குற்றம்?

சரி, திரும்ப எழுதினோம். ஃபைலைப் போட்டோம். வைஃபை சேரவே இல்லை. ரவுட்டரில் பட்டியலைத் திறந்து திறந்து பார்க்கிறோம். என் போன், அம்மா போன், டிவி, அவ்வளவுதான். எழுத்துப் பிழையோ என்று பாஸ்வேர்டை ஏழெட்டு முறை மாற்றி எழுதினான். இரண்டு நாள். கடைசியில் பார்த்தால், 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் என்ற ஓஎஸ் பதிப்பிலேயே, வைஃபையைக் கவனிக்க நெட்வொர்க் மேனேஜர் என்ற வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள். பழைய ஃபைலை அது கண்டுகொள்வதே இல்லை. எல்லா போர்டுக்கும் பொதுவாக இருந்த 'பை' என்ற பயனர் பெயரும் 'ராஸ்பெர்ரி' என்ற பாஸ்வேர்டும் அதற்கும் முன்பே, 2022 ஏப்ரலில் போய்விட்டன. உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டை எடுத்தது நல்ல காரியம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. இப்போது கார்டு எழுதும் இமேஜர் என்ற மென்பொருளிலேயே பெயர், பாஸ்வேர்டு, வைஃபை, நாடு எல்லாம் கொடுத்துவிடலாம், உண்மையிலேயே சுலபம். அதிகாரபூர்வப் பக்கத்தில் சரியாகத்தான் போட்டிருக்கிறது. ஆனால் தேடினால் முதலில் வந்து நிற்பது 2018-ல் எழுதிய செய்முறை. அதைக் காப்பியடித்து எழுதியது இன்னொன்று. ஒன்றிலாவது தேதி வேண்டாமா? எந்தப் பதிப்புக்கு என்று ஒரு வரி வேண்டாமா? மருந்து பாட்டிலில்கூடத் தேதி போடுகிறார்களே!

நடுவில் டிவியில் போட்டுப் பார்க்கலாம் என்றால் பை 4-ல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. கடையில் கொடுத்த கேபிள் மினி, பொருந்தவில்லை. திரும்ப ஒரு நடை.

இனி சார்ஜர் கதை. "போன் சார்ஜரே போதும்மா, டைப் சி தானே" என்றார் கடைக்காரர். போர்டு ஆன் ஆனது, வைஃபையும் சேர்ந்தது. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை விட்டுப் போகிறது. பென் டிரைவ் செருகினால் ரீஸ்டார்ட் ஆகிறது. நான் கார்டைச் சந்தேகப்பட்டேன், பையன் தன் புரோகிராமைச் சந்தேகப்பட்டான். மூன்றாவது முறை அணைந்தபோதுதான் மல்டிமீட்டரை எடுத்து போர்டில் வரிசையாக நிற்கும் ஊசிகளில் (பின்) நாலாவதிலும் ஆறாவதிலும் வைத்துப் பார்த்தேன். 4.5 வோல்ட். போர்டுக்கு வேண்டியது 5. ஏறக்குறைய 4.63-க்குக் கீழே போனாலே அது மின்சாரம் போதவில்லை என்று குறித்துக்கொள்ளும். திரை இருந்தால் எச்சரிக்கை காட்டும். திரை இல்லாதவன் கட்டளை கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டோம். 0எக்ஸ்50005 என்றது. 'மின்னழுத்தம் இப்போதும் குறைவு, முன்பும் குறைந்தது, அதனால் வேகத்தைக் குறைத்துவிட்டேன்' என்று அர்த்தம். பாவம், போர்டு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. இப்படி ஒரு கட்டளை இருக்கிறது என்றே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

காரணம் ரொம்ப எளிது. சார்ஜரோடு வந்த மெல்லிய கேபிளில் போகவும் வரவும் சேர்த்து 0.2 ஓம் தடை இருந்தாலே, 2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். அதனால்தான் இதற்கென்று விற்கும் அடாப்டரில் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறார்கள். அந்த 0.1 கேபிளில் போகும் நஷ்டத்துக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் சரியான அடாப்டர் வாங்கி வந்து செருகினேன், அத்தனை வியாதியும் ஒரே நிமிஷத்தில் போய்விட்டது. போர்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டவர், "அடாப்டரும் சேர்த்து எடுத்துக்கோங்க" என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேனே!

பைத்தான் லைப்ரரி (பிறர் எழுதிவைத்த துணைப் புரோகிராம்கள்) போடப் போனால் இன்னொரு முட்டுக்கட்டை. பழைய செய்முறையில் இருக்கும், லைப்ரரியை நிறுவும் பிப் கட்டளையைக் கொடுத்தால் இப்போது மறுத்துவிடுகிறது. ஓஎஸ் நம்பியிருக்கும் பைத்தானைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஓஎஸ்ஸின் பைத்தானைத் தொடாத தனி இடமாக ஒரு வென்வ் உருவாக்கி அதற்குள் போட்டால் முடிந்தது, இரண்டே வரி. ஆனால் தேடினால் கிடைக்கும் அறிவுரை என்ன தெரியுமா? அந்தத் தடையை மீறச் சொல்லி 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று கடைசியில் சேர்த்துக்கொள், வேலை செய்யும். பதினாலு வயசுப் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடமா இது?

ஐந்தாம் நாள் எல்இடி எரிந்தது. பையன் குதித்தான், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அப்புறம்தான் கவனித்தோம், அது அணையவே இல்லை. புரோகிராமை நிறுத்தியும் எரிகிறது. அவன் வரி வரியாகத் தேடினான். புரோகிராமில் தப்பே இல்லை. '17-ல் இணைக்கவும்' என்று எழுதியிருந்ததை நம்பி, ஒழுங்காக எண்ணிப் பதினேழாவது பின்னில் செருகியிருக்கிறான். அது 3.3 வோல்ட் சப்ளை, எப்போதும் எரியத்தான் செய்யும். அவர்கள் சொன்ன 17 சிப்பின் கணக்கில் ஜிபிஐஓ 17, அதாவது புரோகிராமால் இயக்கும் பின்களுக்குச் சிப் வைத்திருக்கும் எண். அது போர்டில் பதினோராவது பின். ஜிபிஐஓ என்ற நாலு எழுத்தைச் சேர்த்து எழுத என்ன கேடு?

இதையாவது மன்னிக்கலாம், அடுத்ததை மன்னிக்கவே முடியாது. தண்ணீர் மட்டம் அளக்க வாங்கியது எச்.சி-எஸ்ஆர்04 என்ற, ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் சென்சார். அளவைத் திருப்பிச் சொல்லும் அதன் எக்கோ பின் 5 வோல்ட் தரும். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் ஒரு 1 கிலோ ஓம், ஒரு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நாங்கள் பார்த்த இரண்டு வயரிங் படங்களில் நேராக இணைத்திருந்தார்கள்! நான் பக்கத்தில் இருந்ததால் பையனின் கையைப் பிடித்து நிறுத்தினேன். பக்கத்தில் யாரும் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? அப்பா சேர்த்துவைத்த காசில் வாங்கிய போர்டு போய்விட்டால் வீட்டில் இன்னொன்று வாங்கித் தருவார்களா? இரண்டு ரூபாய்கூடப் பெறாத இரண்டு ரெசிஸ்டரைப் படத்தில் வரைய முடியாதவர்கள் தயவுசெய்து படமே போடாதீர்கள்.

ஏழாம் நாள்தான் சென்சார் பேசியது. சமையலறையில் பக்கெட்டின் மேல் பிடித்துக்கொண்டு, அம்மா ஒவ்வொரு சொம்பாக ஊற்ற ஊற்ற, 24, 22, 19 என்று சென்டிமீட்டர் குறைவதை அவன் சத்தமாகப் படித்தான். முதல் நாளே அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சந்தோஷம். தொட்டிக்குள் ஈரம் படும், அதற்கு வாட்டர்ப்ரூஃப் சென்சார் வேண்டும், மாடிக்கு வயர் இழுக்க வேண்டும், டப்பா செய்ய வேண்டும். அதற்கெல்லாம் நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டான். மிச்சத்தைக் காலாண்டு லீவில் முடிக்கலாம் என்று போர்டைத் துணியில் சுற்றி என் பீரோவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அம்மா இன்று காலையிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறித்தான் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.