ஸ்கேன் ஒளிராவிட்டால் தொற்று இல்லை என்று ஆகிவிடாது
இதய வால்வில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் பெட்-சிடி ஸ்கேனில் (கதிரியக்கக் குளுக்கோஸை ஏற்றி, அதை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரக் காட்டும் படம்) வால்வு ஒளிரவில்லை என்றால் தொற்று இல்லை என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இது இயற்கை வால்வுக்கு, அதாவது பிறவியிலேயே உள்ள வால்வுக்கு, பொருந்தவே பொருந்தாது. அங்கே ஒட்டியிருக்கும் கிருமித் திரள் சில மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுவதால் படத்தில் சிக்குவதில்லை. செயற்கை வால்வில்தான் இந்தச் சோதனைக்கு உண்மையான பலம், அதுவும் தயாரிப்பு சரியாக இருந்தால். முந்தைய நாள் மாவுச்சத்தை ஒதுக்கிக் கொழுப்பு மிகுந்த உணவு, பிறகு குறைந்தது 12 மணி நேரப் பட்டினி. இல்லாவிட்டால் இதயத் தசையே குளுக்கோஸை இழுத்துப் பளிச்சென்று தெரியும், வால்வு அதற்குள் மறைந்துபோகும். வார்டில் ஆன்டிபயாட்டிக்கை டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைக் கரைசல்) கலந்து ஏற்றினாலே அத்தனை பட்டினியும் வீண், தயவுசெய்து சலைனில் (உப்புக் கரைசல்) கலக்கச் சொல்லுங்கள். உலோக வால்வின் விளிம்பில் பொய்யான ஒளிர்வு வரும். சிடி அளவீட்டை வைத்து ஒளிர்வைச் சரிசெய்வதுதான் சிடி திருத்தம்; அது செய்யாத படத்திலும் அந்த ஒளிர்வு தெரிகிறதா என்று பார்க்காமல் அறிக்கை எழுதக் கூடாது. செயற்கை வால்வு பொருத்திய அறுவை சிகிச்சை முடிந்து 3 மாதம் ஆகாதவர்களுக்குக் காயம் ஆறுவதே ஒளிரும் என்பதால், இந்தத் தொற்றை உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் 2023 டியூக் விதிகளில் அந்த ஒளிர்வு சிறு அளவுகோல் (துணைச் சான்று) மட்டுமே.