5 வோல்ட்டே வராத ஸ்லாட்டுக்கு யூஎஸ்பி 3.0 கார்டு விக்கிற மகராசன்களே!

நீலக் கலர் போர்ட், "சூப்பர் ஸ்பீடு", "பிளக் அண்ட் பிளே", ரெண்டு போர்ட், மூணு போர்ட். அட்டைப்பெட்டியில இத்தனையும் கொட்டை எழுத்துல அச்சடிக்க இடம் இருக்கு. "இதுக்குத் தனியா கரண்ட் கொடுத்தாத்தான் ஹார்டு டிஸ்க் ஓடும்"னு ஒரே ஒரு வரி போட மட்டும் இடம் இல்லை. 2012க்கு முந்தின லேப்டாப்பை இன்னும் தூக்கிப் போடாம வச்சிருக்கிறவங்க தலையிலதான் லேப்டாப் பக்கவாட்டு ஸ்லாட்டுல சொருகுற இந்த எக்ஸ்பிரஸ்கார்டு யூஎஸ்பி அடாப்டர் எல்லாம் வந்து விடியுது.

விஷயம் ரொம்ப சிம்பிள். எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டுல 26 கான்டாக்ட் இருக்கு. அதுல வர்ற கரண்ட் 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும்தான். 5 வோல்ட் லைனே கிடையாது. யூஎஸ்பிக்கோ 5 வோல்ட் இல்லாம ஒண்ணும் நடக்காது. அதனால கார்டுக்குள்ளயே ஒரு பூஸ்ட் சர்க்யூட் வச்சு 3.3ஐ 5ஆ ஏத்துறாங்க. அந்த 3.3 லைன் அதிகபட்சமா தர்றதே 1.3 ஆம்பியர், அதாவது சுமார் 4.3 வாட். ஒரே ஒரு யூஎஸ்பி 3.0 போர்ட் ஸ்பெக் படி தர வேண்டியது 5 வோல்ட்டுல 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட். யூஎஸ்பியை நடத்துற கன்ட்ரோலர் சிப் தின்னுறது, பூஸ்ட்ல வீணாகுறது எதையும் இன்னும் கழிக்கவே இல்லை, அதுக்குள்ள ஒரு போர்ட்டுக்கே பத்தலை. இதுல ரெண்டு போர்ட், மூணு போர்ட்! யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அப்புறம் என்ன ஆகும்? மவுஸ் வேலை செய்யும். பென்டிரைவ் வேலை செய்யும். "கார்டு நல்லாத்தான் இருக்கு"ன்னு நம்பி 2.5 இன்ச் ஹார்டு டிஸ்க்கைச் சொருகுவீங்க. தட்டு சுத்த ஆரம்பிக்கிற நொடியில அது இழுக்கிற கரண்ட் ஒரு ஆம்பியரை நெருங்கும். வோல்டேஜ் படுத்துடும், டிஸ்க்கு "டக்... டக்..."னு அடிச்சிட்டு மறையும், மறுபடி வரும், மறுபடி மறையும். உடனே டிரைவரை அழிச்சுப் போடு, விண்டோஸை ஃபார்மட் பண்ணு, டிஸ்க்கு போச்சு புதுசு வாங்குன்னு ஆளுக்கு ஒரு யோசனை சொல்வாங்க. கரண்ட்டை மட்டும் யாரும் பார்க்க மாட்டாங்க. எழுதிக்கிட்டு இருக்கும்போது டிஸ்க்கு இப்படி அத்துக்கிட்டுப் போனா ஃபைல் சிஸ்டமே கெட்டுப் போகும். அதுக்கப்புறம்தான் உண்மையிலேயே டிஸ்க்குல கோளாறு தெரியும், "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்"னு ஒருத்தர் வருவார்.

முதல்ல பார்க்க வேண்டியது கார்டோட வெளிப்பக்கத்துல குட்டியா ஒரு டிசி ஜாக் இருக்கான்னு. ஜாக் இல்லாத கார்டை வாங்காதீங்க. ஜாக் இருந்தா கூடவே ஒரு வயர் தருவாங்க, ஒரு முனை யூஎஸ்பி, மறு முனை பின். அதை லேப்டாப்போட பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டுல சொருகச் சொல்வாங்க. அந்த போர்ட் தர்றது 500 மில்லி ஆம்பியர், 2.5 வாட். ஒரு டிஸ்க்கு ஓடலாம், ஓடாமலும் போகலாம். உருப்படியான வழி ஒண்ணுதான்: 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரோட வர்ற யூஎஸ்பி 3.0 ஹப் ஒண்ணு வாங்கி கார்டுல மாட்டுங்க, டிஸ்க்கை ஹப்புல மாட்டுங்க. கார்டுக்கு டேட்டா கடத்துற வேலை மட்டும் மிஞ்சும். பின் பொருந்துதேன்னு வீட்டுல கிடக்கிற 9 வோல்ட், 12 வோல்ட் அடாப்டரை மட்டும் கார்டு ஜாக்குல சொருகிடாதீங்க. கார்டோட சேர்ந்து டிஸ்க்கும் போயிடும். சந்தேகம் இருந்தா, வழியில சொருகுற குட்டி யூஎஸ்பி மீட்டர் வச்சுப் பாருங்க. டிஸ்க்கு சுத்தும்போது வோல்டேஜ் 4.5க்குக் கீழே இறங்குனா டிரைவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்த அக்கிரமம், போலி வேகம். எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டுல பிசிஐ எக்ஸ்பிரஸ்ங்கிற வேகமான டேட்டா லைனும் வருது, கூடவே யூஎஸ்பி 2.0 லைன் ஒண்ணும் வருது. சில கார்டுல அந்த யூஎஸ்பி 2.0 லைன்ல ஒரு ஹப் சிப்பை மட்டும் தொங்க விட்டிருப்பாங்க. நீலப் பிளாஸ்டிக்கை யார் வேணும்னாலும் வைக்கலாம்ல! கண்டுபிடிக்கிறது சுலபம். டிவைஸ் மேனேஜர்ல புதுசா ஒரு ஹோஸ்ட் கன்ட்ரோலர் வரணும். வெறும் "ஜெனரிக் யூஎஸ்பி ஹப்" மட்டும் வந்தா நாமம் போட்டுட்டாங்கன்னு அர்த்தம். கன்ட்ரோலர் வந்திருந்தா ப்ராப்பர்ட்டீஸ்ல டீட்டெயில்ஸ் போய் ஹார்டுவேர் ஐடி பாருங்க. வெண்டர் 1033, டிவைஸ் 0194னா என்ஈசி சிப். 1912, 0015னா ரெனெசாஸ். 1106, 3483னா வியா. லினக்ஸ்ல டிவைஸ் மரத்தைப் பார்த்தா 5000எம்னு வரணும்; யூஎஸ்பி 3.0 டிஸ்க்கு 480எம்லயே நின்னா அது 2.0 வேகம்.

அதுக்கும் ஒரு பாவப்பட்ட காரணம் இருக்கலாம். யூஎஸ்பி 3.0 பிளக்குல பழைய நாலு பின்னோட அஞ்சு புது பின் உள்ளே தள்ளி இருக்கும். மெதுவா சொருகுனா பழைய நாலு முதல்ல தொட்டு, டிஸ்க்கு 2.0ஆவே பதிஞ்சுடும். கழட்டிட்டு ஒரே தள்ளா சொருகுங்க.

கார்டே தெரியலைன்னா? லேப்டாப்பை ஆஃப் பண்ணி, கார்டைக் கடைசி வரை தள்ளி மாட்டிட்டு ஆன் பண்ணுங்க. பல பழைய பயாஸுக்கு (லேப்டாப் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற புரோகிராம்) ஓடும்போது மாட்டுற கார்டைக் கண்டுபிடிக்கத் துப்பு இல்லை. பயாஸ்லயே ஸ்லாட்டை ஆஃப் பண்ணி வச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. திங்க்பேடுல செக்யூரிட்டி மெனுவுக்குள்ள ஐஓ போர்ட் ஆக்சஸ்ல அது ஒளிஞ்சிருக்கும். ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்ட லேப்டாப்னா இதை முதல்ல பாருங்க. ஸ்லாட்டுல இருக்கிற பிளாஸ்டிக் டம்மியை எடுக்காம கார்டை அழுத்துறவங்களும் உண்டு, அவங்களை விடுங்க.

ஸ்லாட்டே வேற ரகமா இருந்தா கதை அங்கேயே முடிஞ்சது. எக்ஸ்பிரஸ்கார்டுக்கு முந்தின தலைமுறை பிசிஎம்சிஐஏ கார்டும் 54 மில்லிமீட்டர், பெரிய எக்ஸ்பிரஸ்கார்டும் 54 மில்லிமீட்டர். அகலத்தை அளந்து ஆர்டர் போடாதீங்க. டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க: ரெண்டு வரிசையா 68 ஊசி நின்னா அது பிசிஎம்சிஐஏ. அதோட டேட்டா பாதையான கார்டுபஸ் மொத்தமே விநாடிக்கு 133 எம்பிதான். அதுல 3.0 வேகம்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க.

டிரைவர் பக்கம் பெருசா சொல்ல ஒண்ணும் இல்லை. விண்டோஸ் 8ல இருந்து யூஎஸ்பி 3.0 டிரைவர் கூடவே வருது. விண்டோஸ் 7ல வராது. டிவைஸ் மேனேஜர்ல கோடு 28 காட்டுனா டிரைவர் இல்லைன்னு அர்த்தம், சிப் பேரைப் பார்த்து அதுக்கான டிரைவரைப் போடுங்க. கார்டோட வந்த குட்டி சிடியில என்ன இருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். எல்லாம் சரியா ஓடி, சும்மா விட்டா அரை மணியில கார்டு காணாமப் போகுதா? பவர் ஆப்ஷன்ஸ்ல பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் பண்ணுங்க. யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் ஆஃப் பண்ணுங்க.

34 மில்லிமீட்டர் அகலச் சின்ன எக்ஸ்பிரஸ்கார்டை 54 ஸ்லாட்டுல போட்டா ஒரு பக்கம் பிடிமானமே இருக்காது. தடிமனான கேபிள் தொங்குற கனத்துலயே கார்டு சாய்ஞ்சு தொடர்பு விட்டுப் போகும். கேபிளை மேஜையில டேப் போட்டு ஒட்டுங்க, வேற வழியில்லை. வயர்லெஸ் மவுஸ் டாங்கிளைப் பக்கத்து போர்ட்டுல வச்சிருந்தா எதிர்ப்பக்கத்துக்கு மாத்துங்க, யூஎஸ்பி 3.0 கிளப்புற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ்லயே விழுது, மவுஸ் திக்கித் திக்கித்தான் நகரும்.

இவ்வளவு பாடுபட்டும் பெட்டியில போட்ட 5 ஜிபிபிஎஸ் வராது. 2011க்கு முந்தின இன்டெல் லேப்டாப்ல அந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் லைனே 2.5 ஜிபிபிஎஸ்தான், விநாடிக்கு 250 எம்பி உச்சவரம்பு. கைக்கு 200 எம்பிக்குள்ள வந்தா கார்டு நல்லா இருக்குன்னு விட்டுடுங்க, யூஎஸ்பி 2.0ல கிடைச்ச 30, 40க்கு அது எவ்வளவோ மேல். ஓஎஸ் போட பென்டிரைவை மட்டும் இதுல சொருகிட்டு "பூட் ஆகலையே"ன்னு உக்காந்திருக்காதீங்க. பழைய பயாஸுக்கு இந்தக் கார்டு இருக்கிறதே தெரியாது. அதுக்கு லேப்டாப்போட சொந்த 2.0 போர்ட்தான்.