தோற்றது அமோனியா இல்லை

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவை அமோனியாவால் பிடிப்பது பற்றிய அந்த டிவி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். "அமெரிக்காக்காரனே மூடிட்டுப் போன டெக்னாலஜி சார் இது" என்று ஒருவர் சொல்ல, மற்ற மூவரும் சிரித்தார்கள். அதன் கீழே நாலு வரி எழுதினேன். கிடைத்த பட்டம்: நிலக்கரி முதலாளிகளின் கைக்கூலி. நன்றி. கூலியையும் அனுப்பி வைத்தால் நல்லது.

மூடினார்கள், உண்மைதான். ஏன் மூடினார்கள் என்று அந்தச் சபையில் ஒருத்தராவது கேட்டாரா?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், நியூ ஹேவன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது மவுன்டனீர் அனல்மின் நிலையம். 1300 மெகாவாட். 2009-இல் அதன் புகையில் 20 மெகாவாட்டுக்கான பங்கை மட்டும் பிரித்துக் குளிரூட்டிய அமோனியாக் கரைசலுக்குள் விட்டார்கள். கரியமில வாயு கரைசலோடு சேர்ந்து அமோனியம் பைகார்பனேட் ஆகிவிடும். அதைச் சூடாக்கினால் வாயு தனியே வரும், அமோனியா மறுபடி வேலைக்குப் போகும். பிடித்த வாயுவை அங்கேயே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே பாறைக்குள் இறக்கினார்கள். 2011 மே வரை ஓடியது. வேலை செய்தது. திரும்பவும் சொல்கிறேன், வேலை செய்தது.

அடுத்த கட்டத்துக்கு 66 கோடி டாலருக்கு மேல் வேண்டும். பாதியை அமெரிக்க அரசு தருவதாக இருந்தது. மீதி? சோதனைக்கு ஆன செலவையே மின் கட்டணத்தில் ஏற்ற, பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவின் கட்டண ஆணையம் விடவில்லை. கரியமில வாயுவுக்கு விலை வைக்கும் மசோதா 2010-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் படுத்துவிட்டது. காற்றில் விடுவது இலவசம் என்றால் எந்தக் கம்பெனி காசைக் கொட்டிப் பிடிக்கும்? 2011 ஜூலையில் கைவிட்டார்கள். தோற்றது அமோனியா இல்லை, கணக்கு.

உனக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்பீர்கள். நான் தூத்துக்குடிக்காரன். அப்பா சோடா ஆஷ் (சலவைச் சோடா) ஆலையில் ஷிப்ட் பார்த்தவர். அமோனியா ஏற்றிய உப்புநீரில் கரியமில வாயுவை விடுவதுதான் அங்கே அன்றாட வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டையில் அந்த நெடி இருக்கும். அம்மா வாசலிலேயே சட்டையை வாங்கி ஊறப்போட்டுவிடுவாள். ஸ்டூடியோவில் சிரித்த சமாச்சாரம் எங்கள் வீட்டில் சோறு போட்டது. அதே ஊரில் 2016-இல் கொதிகலன் புகையிலிருந்தே இந்த வாயுவைப் பிடித்துச் சோடா ஆஷுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள், ஆண்டுக்கு 60,000 டன் இலக்கோடு. அது வேறு கரைசல், அமோனியா இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் கிளம்பி வருவீர்கள்.

"மின்சாரத்தைத் தின்னுமே?" தின்னும். சூடாக்கவும் செலவு, குளிரூட்டவும் செலவு. கடல்நீரே முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும் நம் ஊரில் இன்னும் கூடும். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

"எண்ணூரை மறந்துட்டீங்களா?" மறக்கவில்லை. 2023 டிசம்பரில் கடலுக்கடியில் போன அமோனியாக் குழாய் கசிந்து, நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களிடம் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அது உர ஆலைக்குப் போன குழாய். அதற்காக உரமே வேண்டாம் என்று அன்றைக்கு யாராவது சொன்னீர்களா? குழாயைப் பார்த்துக்கொள்ளாதவனைக் கேளுங்கள்.

"சோலார் போட்டுட்டா போச்சு." போடுங்களேன், யார் கையைப் பிடித்தது? ராத்திரி எட்டு மணிக்கு நடந்த விவாதத்தில் அத்தனை விளக்கும் ஏசியும் எதில் ஓடின என்று மட்டும் சொல்லுங்கள். அனல்மின் நிலையம் நாளைக்கே மூடப்படும் என்றால் இந்தப் பதிவையே அழித்துவிடுகிறேன். மூடமாட்டார்கள். உங்களுக்கும் தெரியும். புகையும் போகும், பிடிக்கவும் கூடாது, பிடிப்பதைப் பற்றிப் பேசினால் கைக்கூலி. எங்கள் தெருவில் மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில் சாம்பல் படியும்போது இவர்களில் ஒருத்தர் வந்து பார்த்ததில்லை.

கடைசியாக, "கெமிக்கல் கம்பெனி காசுல வளர்ந்த புத்தி" என்று என் அப்பாவை இழுத்த அந்த நண்பருக்கு. வளர்ந்தேன்தான். உங்களை பிளாக் செய்தாயிற்று.