எனாமல் மேல் எமல்ஷன்: ஒரு சிறு திருத்தம்

வெயில் நிறைய விழும் ஜன்னல் அறையில் பழைய பெயின்ட் எதுவாக இருந்தாலும், அதன் மேலேயே எமல்ஷனை, அதாவது நீர் சார்ந்த பெயின்ட்டை, இரண்டு கோட் அடித்தால் போதும் என்று இங்கே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அடியில் இருப்பதும் உறுதியான எமல்ஷன் என்றால் அது சரிதான். ஆனால் ஜன்னல் சட்டங்களில் பல நேரம் எண்ணெய் எனாமல் இருக்கும். அந்த வழவழப்பில் நீர் சார்ந்த பெயின்ட் நன்றாகப் பிடிக்காது; முதல் வாரம் அழகாகத்தான் இருக்கும், பிறகு நகத்தால் கீறினாலே பால் ஆடை போல உரிந்து வரும். வெயிலில் சட்டம் விரிந்து சுருங்குவதால் இந்த அறையில் அது சீக்கிரமே நடக்கும்.

அடியில் இருப்பது எது என்று நீங்களே பார்த்துவிடலாம். கண்ணில் படாத ஒரு மூலையைச் சோப்பு நீரால் துடைத்து உலரவிடுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால், அல்லது பரப்பு பிசுபிசுத்தால், அது எமல்ஷன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் எனாமல்தான். அப்படியானால் பளபளப்பு மங்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, எனாமல் மீது பிடிக்கும் என்று டப்பாவில் குறிப்பிட்டுள்ள பிரைமரை (அடிப்பூச்சை) அடித்த பிறகே எமல்ஷன். அலுப்பான வேலை, மறுக்கவில்லை.