சும்மா நின்றார்களாம்!
வீடு எரியும்போது தீயணைப்பு வீரர்கள் வந்து இறங்கியும் சில நிமிடம் சும்மா நின்றார்கள், நன்றாக இருந்த ஜன்னலை வேறு உடைத்தார்கள் என்று ஆளாளுக்குத் திட்டுகிறீர்கள். செல்போனில் படம் எடுப்பவருக்கு அப்படித்தான் தெரியும். உள்ளே ஆள் இருக்கிறார்களா, மின்சாரத்தைத் துண்டித்தாச்சா, கேஸ் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எடுத்த எடுப்பில் தண்ணீரை அடிக்க முடியுமா? மூடிக் கிடக்கும் அறையில் ஆக்சிஜன் குறைந்து நெருப்பு அடங்கிவிட்ட மாதிரி இருக்கும், அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் காற்று புகுந்த வேகத்தில் குப்பென்று வெடிக்கும், முன்னால் நிற்கிற ஆள் காலி. தண்ணீரும் லேசுப்பட்டதில்லை. ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் நீராவி. கண்டபடி பீய்ச்சினால் உள்ளே சிக்கியவர்தான் வெந்துபோவார். ஜன்னலை உடைப்பதே அந்தச் சூடும் புகையும் வெளியேறத்தான், அதுவும் நேரம் பார்த்து உடைக்க வேண்டும்.

சரி, அதற்காக அவர்களைக் கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, வண்டி எப்போது கிளம்பியது, தொட்டியில் போதிய தண்ணீர் இருந்ததா, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். அப்புறம், வண்டி நுழைய முடியாதபடி தெருவில் காரை நிறுத்திவிட்டுப் போனவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.