வலி அடங்கியதும் வாக்கிங் கூடாது
முதுகுவலி வந்த டாஷ்ஹண்ட் நாயை (நீண்ட முதுகும் குட்டைக் காலும் கொண்ட இனம்) "மாத்திரை போட்ட மூணாம் நாளே நடக்குதுன்னா வாக்கிங் கூட்டிட்டுப் போங்க, நடந்தாத்தான் கால் பலப்படும்" என்று சிலர் சொல்வது தவறு. மாத்திரை அடக்குவது வலியையும் வீக்கத்தையும்தான். டாஷ்ஹண்டுக்கு முதுகு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) கிழிந்தால், அது ஆறக் குறைந்தது 4 வாரமாவது கூண்டு ஓய்வு, அதாவது கூண்டுக்குள்ளேயே வைத்திருப்பது, வேண்டும். அதற்குள் சோபாவிலிருந்து ஒரு தாவல் போதும், மிச்சமும் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிவிடும். வலி இல்லாத நாய்தான் தாவும், அதுதான் சிக்கலே.

கூண்டு எழுந்து நின்று திரும்பிப் படுக்குமளவு இருந்தால் போதும். ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும் 5 நிமிடம் வெளியே. கழுத்துப்பட்டை வேண்டாம், ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) போடுங்கள். பின்பக்கம் தள்ளாடினால் அடிவயிற்றில் துண்டு கொடுத்துத் தாங்குங்கள். டாக்டர் தந்த வலி மருந்தான மெலோக்சிகாமோடு வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டையும் கொடுத்தால் இரைப்பை புண்ணாகலாம். பின்னங்கால் இழுபட்டாலோ சிறுநீர் தானாகச் சொட்டினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.